மாமா பார்த்த மானிட்டர்

என் மாமனார் பஸ்ஸில் டிக்கெட் செக்கராக இருந்து ரிட்டையர் ஆனவர். ரிட்டையர் ஆனது உத்தியோகத்திலிருந்து மட்டும்தான். மருந்துக் கடையில் மாத்திரை வாங்கினால் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். பூக்காரி முழம் போட்டால் பூவைப் பார்க்க மாட்டார், அவள் முழங்கை எங்கே மடங்குகிறது என்று பார்ப்பார். பந்தியில் உட்கார்ந்ததும் இலையின் அடிப்பக்கத்தைத் தூக்கிப் பார்ப்பார். எங்கள் கல்யாணத்திலும் பார்த்தார். அவர் பெண்ணின் கல்யாணம், அவர் ஏற்பாடு செய்த பந்தி, அவரே மார்க்கெட்டில் பேரம் பேசி வாங்கிய இலை. மாலையும் கழுத்துமாக நின்று அதைப் பார்த்தபோதே, சரி, வகையாக மாட்டிக்கொண்டோம் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

ஆள் ஒன்றும் வாட்டசாட்டம் கிடையாது. ஒல்லி. சட்டைப் பையில் எப்போதும் சின்னப் பூதக்கண்ணாடி ஒன்று இருக்கும். அழிந்துபோன டிக்கெட் நம்பரை வாசிப்பதற்காக வேலையில் சேர்ந்த புதிதில் வாங்கியதாம். அந்தக் கண்ணாடி இப்போது என் மேசையில் கிடக்கிறது. அவர் இருந்தவரை அதை யார் கையிலும் கொடுத்ததில்லை.

அவருடைய தொழிலில் ஒரு முறை வைத்திருந்தார். யார் மேல் சந்தேகமோ அந்த ஆளிடம் கேட்கவே மாட்டார். பக்கத்தில் இருப்பவரிடம்தான் பேச்சுக் கொடுப்பார்.

"டிக்கெட் எடுக்காதவன் பொய் சொல்லப் பழகியிருப்பான் மாப்ள. பக்கத்து சீட்டுக்காரன் பழகியிருக்க மாட்டாம்லா. அவன் மூஞ்சி காட்டிக் கொடுத்துரும்."

எனக்கும் இதே வைத்தியம் நடந்திருக்கிறது. நான் பெண் பார்த்துவிட்டு வந்த பிறகு ஒரு நாள், சென்னையில் என் அலுவலகத்து வாட்ச்மேன் என்னை நிறுத்தி, "சார், உங்க ஊர்க்காரர் ஒருத்தர் வந்து டீக்கடையில ரொம்ப நேரம் உக்காந்திருந்தாரு. நீங்க எப்ப உள்ள போறீங்க, எப்ப வெளிய வரீங்கன்னு கேட்டாரு" என்றார். ஒல்லியா என்று கேட்டேன். ஒல்லிதான் என்றார். அம்பாசமுத்திரத்திலிருந்து ரயிலேறி வந்து, என்னிடம் ஒரு வார்த்தை பேசாமல், அடுத்த ரயிலைப் பிடித்துப் போயிருக்கிறார் மனிதர்.

மாஞ்சோலை பஸ்ஸில் நடந்த ஒரு கதையை என் மனைவி சொல்லுவாள். தேயிலை எஸ்டேட்டில் இலை பறிக்கிற அம்மா ஒருத்தி டிக்கெட்டைத் தொலைத்துவிட்டு, "எடுத்தேன்யா, இங்கனதான் வச்சேன்" என்று அழுதிருக்கிறாள். மாமா குனிந்து, மலைப் பாதையில் பஸ் வளைந்து வளைந்து இறங்க, ஒவ்வொரு சீட்டுக்கு அடியிலும் தவழ்ந்து தேடியிருக்கிறார். மணிமுத்தாறு வருவதற்குள் டிக்கெட் கிடைத்துவிட்டது.

"நல்ல மனுஷன்தான் உங்க அப்பா" என்றேன்.

"நீங்க வேற. அவ பொய் சொல்லுதான்னு எல்லாருக்கும் காட்டணும்னு தேடுனாவ. கெடச்சுட்டு, என்ன செய்ய?" என்று சிரித்தாள்.

இப்படிப்பட்டவருக்கு மருமகனாக வாய்த்த என் வேலை என்னவென்று சொல்ல வேண்டும். கம்ப்யூட்டர் விளையாட்டுகள் தயாரிக்கும் ஒரு கம்பெனியில், விளையாட்டு வெளியே வருவதற்கு முன் அதை ஆடிப் பார்த்துக் குற்றம் கண்டுபிடிக்கும் வேலை. நான் எதையும் மறைக்கவில்லை. பெண் பார்த்த அன்றே வாய்விட்டுச் சொன்னேன். மாமா தலையாட்டினார். அந்தத் தலையாட்டல் நம்பிக்கை இல்லை, விசாரணை தொடங்கிவிட்டது என்பதற்கு அடையாளம் என்று பிறகுதான் தெரிந்தது. சென்னையில் கட்டடம் இருந்தது, வாட்ச்மேன் இருந்தார், கழுத்தில் மாட்டும் அட்டை இருந்தது. அதனால் பெண்ணைக் கொடுத்தார். கொரோனாவுக்குப் பிறகு கம்பெனி அந்தக் கட்டடத்தைக் காலி செய்துவிட்டு, எல்லாரும் வீட்டிலிருந்தே வேலை பாருங்கள் என்றது. நான் பாளையங்கோட்டைக்கு வந்து வாடகைக்கு வீடு பிடித்தேன். பார்ப்பதற்கு ஆபீஸ் இல்லை, கேட்பதற்கு வாட்ச்மேன் இல்லை. மாமாவின் பார்வையில் நான் டிக்கெட் இல்லாத பயணி ஆகிவிட்டேன்.

என் மனைவியைப் பிரசவத்துக்கு அழைத்துப்போக அவர் வந்த அன்று, காதில் ஹெட்போனும் திரையில் துப்பாக்கியுமாக உட்கார்ந்திருந்தேன். வாசலில் நின்றபடி பார்த்தார்.

"மாப்ள என்ன செய்யுதிய?"

"வேலை பாக்கேன் மாமா."

"சுடுதியளே?"

"அதான் மாமா வேலை."

"ஓ" என்றார். அந்த ஒற்றை எழுத்தை அவர் இழுத்த இழுப்பு இருக்கிறதே, எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது.

கோபப்பட்டேனே தவிர, காரணம் எனக்குத் தெரியாதது இல்லை. அவருடைய மூத்த மருமகனும் தினமும் டிபன் பாக்ஸோடு வேலைக்குக் கிளம்பியவன்தான். வேலை போய்ப் பல மாதம் ஆன பிறகும் கிளம்பியிருக்கிறான். சேரன்மகாதேவி ரயில்வே ஸ்டேஷனில் பெஞ்சில் உட்கார்ந்து செல்போனில் காசு வைத்துச் சீட்டாடியிருக்கிறான். அவன் மனைவி, அதாவது என் மனைவியின் அக்கா, என் மதினியின் நகை வரைக்கும் போன பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. ஆளும் போய்விட்டான், எங்கே என்று தெரியாது. மதினி தையல் மிஷினோடு அப்பா வீட்டுக்குத் திரும்பி வந்தாள். ஊர்ப்பட்ட டிக்கெட்டைப் பரிசோதித்தவர், சொந்த வீட்டுக்குள் வந்துபோனவனைக் கேட்காமல் விட்டுவிட்டார். விளையாட்டு என்ற சொல்லைக் கேட்டாலே மாமாவுக்கு அந்த ரயில்வே பெஞ்ச்தான் ஞாபகம் வரும் என்று என் மனைவி சொல்லுவாள்.

பெண் குழந்தை பிறந்தது. எங்கள் பக்கத்தில் பிள்ளைக்குத் தலை நின்றதும் தாயையும் பிள்ளையையும் பெண் வீட்டார் கொண்டுவந்து விடுவார்கள். மாமா விடவில்லை. ஆனி முடியட்டும் என்றார். பிறகு ஆடியில் அனுப்பக்கூடாது என்றார். ஆவணியில் பிள்ளைக்குச் சளி என்றார். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் பஸ்ஸேறிப் போய், என் பிள்ளையை விருந்தாளி மாதிரி மடியில் வைத்திருந்துவிட்டு வந்தேன். அது என்னைப் பார்த்து அழ ஆரம்பித்தது. முகம் மறந்துபோகிறது என்று மதினி சொன்ன அன்றைக்கு, திரும்பி வரும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து நான் அழுதேன். வெட்கம் என்ன இருக்கிறது, அழுதேன்.

அந்தச் சமயம் பார்த்து என் மானிட்டர் காலை வாரியது. பழையது. படம் வேகமாக நகரும்போது நடுவில் ஒரு நொடி கிழிந்து தெரியும் குற்றம் ஒன்று உண்டு. மற்றவர்கள் திரையில் தெரிந்தது, என் திரையில் தெரியவில்லை. "உங்க ஸ்கிரீன்ல தெரியலன்னா இந்த வேலையை வேற ஆளுக்குத்தான் கொடுக்கணும்" என்று எங்கள் மேலதிகாரி சொல்லிவிட்டார். என்னைவிட வயதில் இளைய பெண், ஆனால் சொன்னதைச் செய்கிறவர். வேறு ஆளுக்குக் கொடுத்தால் எனக்கு வேறு வேலை அங்கே கிடையாது.

மானிட்டர் வாங்கப் போகிறேன் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை வாய் தவறிச் சொல்லிவிட்டேன். மாமா நிமிர்ந்தார்.

"நானும் வாரேன் மாப்ள."

வண்ணார்பேட்டையில் மாமா கூட்டிப்போன ஒரு கடை. கடைக்காரர் முதலில் கேட்டது, "வேலைக்கா, கேமுக்கா?"

நான் வாயைத் திறப்பதற்குள் மாமா, "வேலைக்கு" என்றார்.

மேசையில் இரண்டு மானிட்டர் வைத்தார்கள். ஒன்று தட்டையானது. எழுத்து அச்சடித்த புத்தகம் போலத் துல்லியமாக இருந்தது. நாள் முழுக்க எழுத்தையும் கணக்கையும் பார்க்கிறவர்களுக்குக் கண்ணுக்குச் சுகம். ஆனால் படம் நொடிக்கு அறுபது தடவைதான் மாறும். இன்னொன்றில் எழுத்து அத்தனை கூர்மை இல்லை. படமோ அதைவிட இரண்டு மடங்குக்கு மேல் வேகமாக மாறும், எந்தக் கிழிசலும் ஒளிய முடியாது. எனக்கு வேண்டியது அதுதான். இரண்டு குணமும் சேர்ந்தது ஒன்றும் இருந்தது. அதன் விலையைக் கேட்டுவிட்டு அந்தப் பக்கமே நான் திரும்பவில்லை.

வினை என்னவென்றால், எனக்கு வேண்டியது வளைந்திருந்தது. பின்னால் சிவப்பும் நீலமுமாக விளக்கு வேறு எரிந்தது.

"இது ஏன்வே வளைஞ்சிருக்கு? கீழ போட்டுட்டியளா?" என்றார் மாமா.

"இல்ல அண்ணாச்சி, கம்பெனியிலயே அப்படித்தான்."

"பின்னால எதுக்கு லைட்டு? சப்பரமா இது?"

கடைக்காரர் திரையை முழு வெள்ளையாக வைத்துக் காட்டினார். மாமா பையிலிருந்து பூதக்கண்ணாடியை எடுத்தார். வெள்ளைத் திரையில் மூக்கு உரச வைத்துப் பார்த்தார். அப்படியே நிமிர்ந்தார்.

"வெள்ளைன்னு சொன்னிய. இங்க செவப்பும் பச்சையும் நீலமுமாலா இருக்கு!"

"எல்லா மானிட்டரும் அப்படித்தான் அண்ணாச்சி. அந்த மூணும் சேந்துதான் வெள்ளை."

"எல்லாத்துலயும் இப்படி ஏமாத்துதியளா?"

கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். மாமா அசரவில்லை. அட்டைப் பெட்டியை உருட்டிப் பார்த்தவர், ஒட்டியிருந்த டேப்பின் மேல் இன்னொரு டேப் இருப்பதைக் கண்டுபிடித்துவிட்டார்.

"பாருங்க மாப்ள! ஏற்கெனவே தொறந்த பெட்டி. எவனோ வாங்கித் திருப்பிக் குடுத்தத நம்ம தலையில கட்டப் பாக்காவ. யாருவே இத தொறந்தா? சொல்லும்!"

கடைக்காரர் தர்மசங்கடமாக என்னைப் பார்த்தார், அவரைப் பார்த்தார். கடைசியில் பொறுக்கமாட்டாமல் சொல்லிவிட்டார்.

"நேத்து நீங்கதான அண்ணாச்சி வந்து தொறந்து காட்டச் சொன்னிய?"

மாமா கண்ணாடியைப் பையில் போட்டார். எனக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. அம்பாசமுத்திரத்திலிருந்து முந்தின நாளே கிளம்பி வந்து, ஜங்ஷனிலிருந்து கடை கடையாக ஏறி இறங்கி, எது விளையாட்டுக்காரன் வாங்குகிற பெட்டி என்று விசாரித்து வைத்திருக்கிறார். புதிதாய் வந்தவர் போல நடித்த வேகத்தில், தான் திறக்க வைத்த பெட்டியையே மறந்துவிட்டார். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கச் சொன்னதும் அவரே. என் கை எந்தப் பக்கம் போகிறது என்று பார்க்க வேண்டுமாம். கடைக்காரர் எனக்குப் பக்கத்து சீட்டு.

மாட்டிக்கொண்டவர் அவர். ஆனால் குரலை உயர்த்தியவரும் அவரே.

"ஆமா, வந்தேன். அதுக்கென்ன? மாப்ள, தப்பா நெனைக்கப்படாது. வேலைக்குன்னா வேலைக்குள்ளத எடுங்க. இந்த வளைஞ்சத எடுத்தியன்னா, எம்பேத்தி எங்க வீட்டுலயே இருக்கட்டும்."

தட்டையானதை எடுத்தால் பிள்ளை வரும், வேலை போகும். வேலை போனால் அவர் நினைத்தது உண்மையாகிவிடும், பிள்ளையும் திரும்பப் போய்விடும். வளைந்ததை எடுத்தால் வேலை நிற்கும், பிள்ளை வராது. நின்று நின்று பார்த்தேன். கடைசியில் வளைந்ததைத் தொட்டு, "இதக் கட்டுங்க" என்றேன்.

மாமா செருப்பை மாட்டிக்கொண்டு, வெயிலில் இறங்கிப் போயே போய்விட்டார்.

சாயங்காலம் மனைவி போன் பண்ணினாள். "எத வாங்குனிய?"

"வளைஞ்சத."

"போச்சு" என்றாள். "நான் பாட்டுக்குப் பிள்ளையத் தூக்கிட்டு பஸ் ஏறிருவேன். அப்பாவால என்ன செய்ய முடியும்? ஆனா அக்கா மிஷின்ல உக்காந்திருக்கதப் பாத்தா கால் எழும்ப மாட்டேங்குது. அப்பா முழுசா மனசு விட்டு அனுப்பட்டும்."

அதற்கடுத்த இரண்டு ஞாயிற்றுக்கிழமையும் மாமா என்னோடு பேசவில்லை. சாப்பிடுங்கள் என்றார், கிளம்புகிறீர்களா என்றார், அவ்வளவுதான். பிறகு ஒரு வேலை நாள், காலை பத்து மணிக்குக் கதவு தட்டப்பட்டது. திறந்தால் மாமா. முன்னறிவிப்பு கிடையாது. எந்த ஸ்டாப்பில் ஏறுவார் என்று எந்தக் கண்டக்டருக்கும் தெரிந்ததில்லை என்பார்கள், எனக்கு மட்டும் சொல்லிவிட்டா வருவார்?

"நீங்க ஒங்க ஜோலியப் பாருங்க" என்று பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றை இழுத்து என் முதுகுக்குப் பின்னால் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

அன்றைக்கு எனக்குச் சுவர் வேலை. விளையாட்டில் ஒரு கோட்டை வரும். அதன் மதில் முழுவதிலும், அடிக்கு அடி, ஆளை ஓடவிட்டு முட்ட வேண்டும். எங்காவது ஓரிடத்தில் சுவர் இருப்பது போல் இருக்கும், ஆனால் ஆள் உள்ளே போய்விடுவான். அந்த இடத்தைக் கண்டுபிடித்து எழுத வேண்டும். முட்டினேன். நகர்ந்தேன். முட்டினேன். பின்னால் நாற்காலி கிரீச்சிட்டது.

"ஏன் இவன் செவுத்துலயே முட்டிக்கிட்டு நிக்கான்?"

"ஓட்டை இருக்கான்னு பாக்கணும் மாமா."

"சண்ட போட மாட்டானா?"

"இன்னைக்கு இல்ல மாமா."

"ஜெயிக்க வேண்டாமா?"

"ஜெயிச்சா நேரம் வீணாப் போயிரும்."

வெகுநேரம் கழித்து, பைய, வேறு யாரிடமோ கேட்பது போலக் கேட்டார்.

"இதுல காசு கட்ட முடியுமா?"

அவர் மனதில் கிடந்த கேள்வி அதுதான். திரும்பி அவர் முகத்தைப் பார்த்துச் சொன்னேன். "ஒரு பைசா போடவும் முடியாது மாமா, எடுக்கவும் முடியாது. சம்பளம் மட்டும்தான்."

நம்பவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. நான் சொல்லி எதை நம்பியிருக்கிறார்?

மத்தியானம் மீட்டிங். மேலதிகாரி திரையில் வந்தார். மாமா கேமராவில் படாமல் நாற்காலியைச் சுவரோரம் நகர்த்திக்கொண்டார். அன்று பார்த்தா அந்த அம்மா அப்படி ஒரு கோபத்தில் வர வேண்டும்? முந்தின வாரம் நான் சரிபார்த்து அனுப்பிய பகுதியில் கிழிசல் ஒன்றை விட்டிருக்கிறேன்.

"இத எப்படி விட்டீங்க? ஸ்கிரீன் சரியில்லன்னு போன மாசம் சொன்னீங்க. சரின்னு விட்டேன். இப்ப புது ஸ்கிரீன் வாங்கியாச்சு. இப்ப என்ன சாக்கு? கண்ணு எங்க இருந்துச்சு உங்களுக்கு?"

"சாரி மேடம். பாக்காம விட்டுட்டேன்."

"பாக்கறதுதான் உங்க வேலையே! சாயங்காலத்துக்குள்ள மொத்தமும் திரும்ப பாத்து அனுப்புங்க."

திரை அணைந்தது. மாமனார் முன்னால் இப்படி வாங்கிக் கட்டிக்கொண்ட மருமகன் திருநெல்வேலிச் சீமையில் வேறு யாரும் இருக்க மாட்டான். எங்கே முகத்தை வைத்துக்கொள்வது என்று தெரியாமல் திரும்பினேன்.

மாமா முகம் மலர்ந்திருந்தது. என் கல்யாணத்தன்றுகூட அப்படி நான் பார்க்கவில்லை.

"ஏசுனது யாரு மாப்ள?"

"எங்க மேலதிகாரி மாமா."

"சின்னப் பிள்ள மாதிரி இருக்கு. நல்லாத்தான் ஏசுது!" என்றார். எழுந்து வந்து என் தோளில் கை வைத்தார்.

"மூத்தவன ஒரு நாளும் ஒருத்தரும் ஏசல மாப்ள. லீவு நாள்ல ஒரு போன் வரல. ஏன்லே லேட்டுன்னு ஒருத்தன் கேக்கல. நான் அதப் பாத்து, ஆகா, மாப்ளைக்கு ஆபீஸ்ல எவ்வளவு மரியாதன்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டு திரிஞ்சேன். வேல இருந்தாத்தான ஏச்சு கெடைக்கும்? எனக்குத் தெரிஞ்சிருக்கணும்லா?"

"சாப்பிடுவோம் மாமா" என்றேன். நான் வடித்த குழைந்த சோற்றைக் குறை சொல்லாமல் சாப்பிட்டார். கை கழுவிவிட்டு வந்து, வளைந்த திரையைப் பூதக்கண்ணாடி வைத்து ஒரு தடவை பார்த்துவிட்டு, அப்புறம்தான் கிளம்பினார்.

அடுத்த புதன்கிழமை புது பஸ் ஸ்டாண்டுக்கு வரச் சொன்னார்கள். அம்பாசமுத்திரம் வண்டி வந்து நின்றது. முதலில் தொட்டில் கம்பி இறங்கியது, பிறகு பை பையாகச் சாமான், பிறகு என் மனைவி, கடைசியில் பேத்தியைத் தோளில் சாய்த்துக்கொண்டு மாமா. அவரைத் தெரிந்த கண்டக்டர் ஒருவர் சாமானை எடுத்துக் கொடுத்தபடி, "மருமவனா அண்ணாச்சி? என்ன வேல பாக்காவ?" என்று கேட்டார்.

கேட்கக்கூடாத கேள்வி. சொந்தக்காரர்கள் வீட்டு விசேஷங்களில் இந்தக் கேள்விக்கு மாமா, "ஏதோ கம்ப்யூட்டர்ல" என்று சொல்லி முகத்தைத் திருப்பிக்கொள்வதை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். நான் தொட்டில் கம்பியை எடுப்பது போலக் குனிந்துகொண்டேன்.

"நம்ம வேலதான்வே" என்றார் மாமா. "செக்கிங்."

பிள்ளையை என் கையில் கொடுத்தார். அது என் முகத்தைப் பார்த்தது, அழலாமா என்று யோசித்தது, அழவில்லை. வீட்டுக்கு வந்து ஒரு வாய் காப்பியாவது குடித்துவிட்டுப் போங்கள் என்று எவ்வளவோ சொன்னேன்.

"மூத்தவ தனியா இருப்பா" என்று சொல்லிவிட்டு, அதே வண்டியில் ஏறிக் கடைசி சீட்டுக்குப் போய் உட்கார்ந்தார்.

பஸ் நகர்ந்தது. பின்பக்கத்துக் கண்ணாடி வழியாக மாமா திரும்பிப் பார்த்தார். கையாட்டுகிறார் என்று நினைத்து நானும் கையைத் தூக்கினேன். அவர் கையாட்டவில்லை. பிள்ளையின் கழுத்துக்குக் கை கொடுத்திருக்கிறேனா என்று பார்த்துக்கொண்டிருந்தார். தூக்கிய கையை அவசரமாக இறக்கிப் பிள்ளையின் கழுத்தில் வைத்தேன். அதைப் பார்த்த பிறகுதான் முன்பக்கம் திரும்பி உட்கார்ந்தார்.